கப்பலை விட்டு இறங்கி, படகு பிடித்து

மும்பையிலிருந்து வரும் உல்லாசக் கப்பல் கொச்சியில் எங்கே கட்டும் என்று கேட்டால் சிலர் எர்ணாகுளம் என்பார்கள், சிலர் ஃபோர்ட் கொச்சி என்பார்கள். கப்பல் கட்டுவது இரண்டுக்கும் நடுவே காயலில் கிடக்கும் வில்லிங்டன் தீவில். இறங்குகிற கூட்டத்தில் பெரும்பாலோர் ஒரு தீவில் கால் வைத்திருக்கிறோம் என்பது தெரியாமலே பஸ் ஏறிப் போய், சாயங்காலம் அதே தீவுக்குத் திரும்பி வந்து கப்பலேறி விடுகிறார்கள்.

அது மனிதர் போட்ட தீவு. 1920-இல் ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கொச்சிக்கு வந்தபோது, காயல் கடலோடு சேரும் வாயில் மணல்திட்டு ஒன்று குறுக்கே கிடந்தது. பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைத் தோணிகளில் இறக்கி உள்ளே கொண்டு வருவார்கள். பிரிஸ்டோ அந்தத் திட்டை வெட்டி வழி திறந்தார். 1928 மே 26 அன்று 'பத்மா' என்ற கப்பல் முதன்முதலாக உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. தோண்டிய மண்ணைக் காயலுக்குள்ளேயே கொட்டி எழுநூறு ஏக்கருக்கு மேல் நிலம் எழுப்பினார்கள். துறைமுக அலுவலகம், சுங்க அலுவலகம், 2021 பிப்ரவரியில் திறந்து வைக்கப்பட்ட 'சாகரிகா' பயணிகள் முனையம் எல்லாம் அந்த மண்ணின்மேல்தான் நிற்கின்றன.

குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக்காரனுக்கு மணல் என்று பேச்சு வந்தால் காது தானாகத் திரும்பும். எங்கள் ஊரை வெளியுலகம் தெரிந்துகொண்டதே மணலால்தான். திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலை 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் சோதித்துப் பார்த்தார். அதில் மோனசைட் இருந்தது. மோனசைட்டில் தோரியம் உண்டு. தோரியம் அன்றைக்கு கேஸ் விளக்கின் மேண்டிலுக்கு வேண்டியிருந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்தவர்கள் எங்கள் கரையில் ஆலை போட்டார்கள். இன்றும் பொதுத்துறை நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். அங்கே மணலைப் பிரித்து இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், மோனசைட், கார்னெட் என்று தனித்தனியாக எடுக்கிறது. இந்தப் பயணத்தில் என்னோடு வந்த அத்தான் அந்த ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கப்பலின் மேல்தளத்தில் நின்று துறைமுக வாயைப் பார்த்தவர், "எத்தனை தோண்டினாலும் மணலு திரும்ப வந்து அடையும் மாப்ள. வருசம் முழுக்க டிரெட்ஜர் ஓடலேன்னா இந்தக் கப்பல் இங்க வராது" என்றார்.

மும்பையில் இருக்கும் அக்கா மகள்தான் எங்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். மும்பையில் ஏறி, கொச்சி பார்த்து, மும்பைக்கே திரும்புகிற பயணம். கொச்சியில் அப்படியே இறங்கி ரயில் பிடித்தால் ராத்திரிக்குள் நாகர்கோவில் போய்விடலாம் என்ற நிலையில், திரும்பவும் வடக்கே போகிற கப்பலில் ஏற வேண்டும் என்பதே எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. கப்பலுக்குள் நீச்சல்குளமும் பாட்டுக் கச்சேரியும் மணிக்கொரு சாப்பாடும் இருந்தன. அதைப் பற்றி எழுத ஆள் நிறைய உண்டு.

கொச்சியில் கப்பல் காலை எட்டு மணிக்குக் கட்டும், மாலை ஐந்தரைக்குள் எல்லோரும் ஏறிவிட வேண்டும் என்று முதல்நாள் இரவே சீட்டு வந்துவிட்டது. கரைச் சுற்றுலாவுக்குத் தனிக் கட்டணம். டச்சு அரண்மனை, யூதர் தெரு, சீனவலை, கதகளி என்று நல்ல பட்டியல்தான். ஆனால் எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இவை புதிதல்ல. கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் கொச்சிக்குப் போகிறவர்கள் ஆளுக்கு ஒருமுறையாவது சீனவலைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்திருப்பார்கள். பாராத இடம் என்று அத்தான் சொன்னது வைப்பின். அதுவும் தீவுதான், அதுவும் மணல் அடைந்து உண்டானதுதான்.

கப்பல் நிற்கும் நேரத்தில் நாமாக ஒரு தீவுக்குப் போவதென்றால் முதலில் கேட்க வேண்டியது தூரத்தை அல்ல, திரும்பும் வழியை. கப்பல்காரர்கள் நடத்தும் சுற்றுலாவில் போய் பஸ் தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவருக்காகக் காத்திருக்காது. அதனால் படகு நின்றால் பாலம், பாலத்தில் நெரிசல் என்றால் படகு என்று இரண்டு வழி உள்ள தீவுதான் இதற்கு ஏற்றது. வைப்பினுக்கு இரண்டும் உண்டு. ஃபோர்ட் கொச்சிப் பக்கம் படகு, எர்ணாகுளத்துப் பக்கம் கோஸ்ரீ பாலங்கள். போகும்போது படகு, வரும்போது பஸ் என்று முடிவு செய்தோம். கப்பல் அட்டை, ஆதார் அட்டை, சில்லறை, ஒரு தண்ணீர்ப் பாட்டில். அதற்கு மேல் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை.

முனையத்தின் வாசலில் டாக்சிக்காரர்களும் ஆட்டோக்காரர்களும் சூழ்ந்துகொண்டார்கள். "எம்பார்கேஷன் ஜெட்டி" என்று சொன்னதும் பாதிப் பேர் விலகினார்கள். அங்கே போகிறவனிடம் நாள் வாடகை பேச முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு ஆட்டோக்காரர் மட்டும் ஏற்றிக்கொண்டார். வில்லிங்டன் தீவின் சாலைகள் அகலமானவை. இருபுறமும் பெரிய மழைமரங்கள், பழைய கிடங்குகள், சில இடங்களில் கதவு பூட்டிய அலுவலகங்கள். வல்லார்பாடத்தில் கண்டெய்னர் முனையம் 2011-இல் வந்த பிறகு சரக்கின் ஒரு பெரிய பங்கு அக்கரைக்குப் போய்விட்டது.

எம்பார்கேஷன் படகுத்துறையில் ஆடம்பரம் எதுவும் கிடையாது. ஒரு கூரை, நாலு பெஞ்சு, நேர அட்டவணை. கேரள அரசின் நீர்ப்போக்குவரத்துத் துறை நடத்தும் படகு அது. கட்டணம் பத்து ரூபாய்க்குள். எங்களோடு நின்றவர்களில் துறைமுகத்து இரவுக் காவலை முடித்துவிட்டு வீடு திரும்புகிற ஒருவர், தையல் மெஷினின் தலைப்பகுதியை மட்டும் சாக்கில் கட்டிக்கொண்டு வந்த ஒரு பெண், காலேஜ் பிள்ளைகள் நாலைந்து பேர். படகு வந்து துறையை இடித்து நிற்பதற்குள் லஸ்கர் கயிற்றோடு கரைக்குத் தாவிவிட்டார். கயிற்றைக் குற்றியில் எட்டு வடிவில் இரண்டு சுற்று சுற்றி, காலால் ஒரு மிதி. இறங்குகிறவர்கள் இறங்கி, ஏறுகிறவர்கள் ஏறியதும் அதே கயிற்றை ஒரே இழுப்பில் விடுவித்து, நகர ஆரம்பித்த படகில் பின்காலை வைத்தார். சிராங்கு மேலே சுக்கானில் இருந்தபடி ஒரு மணி அடித்தார். கீழே என்ஜினைப் பார்க்கிறவருக்கு அது உத்தரவு. பஸ்ஸில் கண்டக்டர் விசில் ஊதுவதைப் போல அவ்வளவு சாதாரணமாக எல்லாம் நடந்து முடிந்தது.

காயலின் நடுவிலிருந்து பார்த்தால் கொச்சியின் மூன்று காலமும் ஒரே திருப்பத்தில் தெரிகிறது. ஒருபுறம் மட்டாஞ்சேரியின் ஓட்டுக் கூரைக் கிடங்குகள். இன்னொருபுறம் பிரிஸ்டோவின் துறைமுகம், அதில் நாங்கள் வந்த கப்பல், பக்கத்துக் கட்டிடம் எல்லாவற்றையும் சின்னதாக்கிக்கொண்டு. வடக்கே வல்லார்பாடத்தின் பாரந்தூக்கிகள். படகில் இருந்த யாரும் எதையும் பார்க்கவில்லை. காவல்காரர் தூங்கிவிட்டார். நாங்கள் மட்டும்தான் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தோம்.

ஃபோர்ட் கொச்சியில் கஸ்டம்ஸ் ஜெட்டியில் இறங்கி, வைப்பின் துறைக்கு நடந்தோம். அங்கே ஓடுவது ரோ-ரோ. ஊர்க்காரர்கள் இன்னும் ஜங்கார் என்றே சொல்கிறார்கள். 2018-இல் பழைய ஜங்காருக்குப் பதிலாகக் கொச்சி மாநகராட்சி 'சேது சாகர்' என்ற பெயரில் இந்தக் கலங்களை விட்டது. கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் கட்டியவை. முன்கதவு அப்படியே இறங்கிக் கரையில் பாலமாக விழ, முதலில் ஸ்கூட்டர்கள், பிறகு கார்கள், ஒரு மீன் வேன், ஓரமாக நாங்கள். ஐந்தாறு நிமிஷத்தில் அக்கரை. சாலை வழியாக இதே தூரத்தைச் சுற்றி வந்தால் நகரத்தின் பாதியைக் கடக்க வேண்டும்.

சின்னத் தூரம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இது கப்பல் பாதையின் வாய். கண்டெய்னர் கப்பலும் மீன்பிடிப் படகும் கடற்படைக் கலமும் இந்த இடுக்கு வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். கடல் இறக்கத்தின்போது காயல் தண்ணீரில் பெரும்பகுதி இங்கேதான் கடலுக்கு இழுக்கிறது. 2015 ஆகஸ்ட் 26 அன்று வைப்பினிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு வந்த பயணிகள் படகின் மேல் மீன்பிடிப் படகு ஒன்று மோதி 11 பேர் இறந்தார்கள். கரை கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நடந்த விபத்து. ஜங்காரில் நிற்கும்போது உயிர்காப்புச் சட்டை எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வது பயந்தாங்கொள்ளித்தனம் அல்ல.

வைப்பின் தெற்கு வடக்காக இருபத்தைந்து கிலோமீட்டருக்குக் குறையாத நீளம். அகலம் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். மேற்கே அரபிக்கடல், கிழக்கே காயல். 1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்தில் முசிறித் துறைமுகத்தின் வாய் அடைந்துபோனது, கொச்சியின் வாய் திறந்தது, வெள்ளம் கொண்டு வந்த மண் இந்தத் தீவாக வளர்ந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அந்த வெள்ளத்தை முதல் ஆண்டாக வைத்து 'புதுவைப்பு' என்று ஒரு காலக்கணக்கே இங்கே இருந்திருக்கிறது.

வடக்கே முனம்பம் போகும் பஸ்ஸில் ஏறினோம். தீவின் முதுகெலும்பாக ஒரே சாலை. இரண்டு பக்கமும் வீடு விட்டு வீடு. இந்தியாவிலேயே ஜன நெருக்கம் மிகுந்த தீவுகளில் இது ஒன்று என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாலிப்புறம், ஞாறக்கல், நாயரம்பலம், எடவனக்காடு என்று ஊர்கள் கண்டக்டர் வாயில் ஓடின. ஞாறக்கல் தாண்டியதும் வீடுகளுக்குப் பின்னால் பெரிய நீர்ப்பரப்புகள் தெரிந்தன. பொக்காளி வயல்கள். மழைக்காலத்தில் உப்புத் தாங்கும் பொக்காளி நெல் போடுவார்கள். அறுவடை ஆனதும் தாளை அப்படியே விட்டு, மதகைத் திறந்து காயல் தண்ணீரை உள்ளே விடுவார்கள். தண்ணீரோடு இறால் குஞ்சும் வரும். நெல் தாள் அழுகி அதற்கு இரையாகும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை வயல் இறால் கட்டாகிவிடும். இறால் கழிவு அடுத்த நெல்லுக்கு உரம். நாங்கள் போனது தை மாதம். மதகு வாயில் கட்டிய வலையை ஒருவர் உதறிக்கொண்டிருந்தார். அத்தான் பார்த்துவிட்டு, "நம்ம ஊர்ல உப்புத் தண்ணி வயலுக்குள்ள ஏறினா கலெக்டர் ஆபீசுக்கு மனு கொண்டு போவோம். இவனுவ மதகு வச்சு வரவேற்கான்" என்றார்.

எடவனக்காட்டைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் செறாய். கடற்கரைக்காக வருகிறவர்கள் இங்கே இறங்குவார்கள். சமூகச் சீர்திருத்தவாதி சகோதரன் அய்யப்பன் பிறந்த ஊர் இது. 1917 மே 29 அன்று ஈழவர்களையும் புலையர்களையும் ஒன்றாக உட்கார வைத்து அவர் இங்கே உணவு பரிமாறினார். அதற்காகச் சொந்தச் சாதியே அவரைப் 'புலையன் அய்யப்பன்' என்று ஏசியது. அவர் அதைப் பட்டமாக ஏற்றுக்கொண்டார். எங்கள் ஊரிலிருந்து கிழக்கே போனால் சுவாமிதோப்பு. செறாயில் நடந்ததற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே அய்யா வைகுண்டர் அங்கே எல்லாச் சாதியாரையும் ஒரே கிணற்றில் குளிக்கச் செய்து ஒரே பந்தியில் உட்கார வைத்தார். அய்யப்பனின் குருவான நாராயண குரு தவம் செய்ததாகச் சொல்லும் மருந்துவாழ்மலையும் சுவாமிதோப்புக்குப் பக்கந்தான். 1956 நவம்பர் வரை நாங்களும் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்துக்காரர்கள்தான் என்பதால், இதெல்லாம் அடுத்த மாநிலத்துச் செய்தியாகத் தோன்றவில்லை.

தீவின் வடகோடியில் பள்ளிப்புறம் கோட்டை. 1503-இல் போர்த்துகீசியர் கட்டியது. அறுகோண வடிவம், கறுத்துப்போன வெட்டுக்கல் சுவர். கோட்டை என்று சொல்ல முடியாத அளவுக்குச் சின்னது. ஆனால் பெரியாற்றின் வாயைக் காவல் காக்க இதைவிட வாகான இடம் கிடையாது. போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். அந்த டச்சுக்காரர்களைத்தான் 1741-இல் எங்கள் ஊருக்கு அடுத்த குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படை தோற்கடித்தது. பிடிபட்ட டச்சுத் தளபதி டெ லனோய் திருவிதாங்கூரின் படைத்தலைவராகி, 1777-இல் இறந்து, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமாகியிருக்கிறார். குளச்சல் போருக்கு 48 ஆண்டுகள் கழித்து, 1789-இல், டச்சுக்காரர்கள் இந்தப் பள்ளிப்புறம் கோட்டையைக் கொடுங்ஙல்லூர்க் கோட்டையோடு சேர்த்துத் திருவிதாங்கூருக்கே விற்றார்கள். தனக்குக் கப்பம் கட்டும் கொச்சியின் மண்ணை எப்படி விற்கலாம் என்று திப்பு கோபித்ததும், அந்த ஆண்டுக் கடைசியில் திருவிதாங்கூரின் நெடுங்கோட்டை அரணைத் தாக்கியதும் அதன் தொடர்ச்சி. குளச்சலில் நிற்கும் வெற்றித்தூணைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள் நாங்கள். அந்தக் கதையின் அடுத்த அத்தியாயம் இவ்வளவு வடக்கே, இவ்வளவு சின்னக் கட்டிடத்துக்குள் இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

கோட்டையிலிருந்து முனம்பம் மீன்பிடித் துறைமுகம் பக்கம்தான். அங்கே போனதும் கேட்ட முதல் குரலே தமிழ். "லே, அந்தக் கயித்த இங்க எறி!" ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் பல ஆண்டுகளாகக் கொச்சியையும் முனம்பத்தையும் இரண்டாவது வீடாக வைத்திருக்கிறார்கள். தூண்டிலும் வலையும் கொண்டு சூரை, சுறா தேடி ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். ஐஸ், டீசல், ஏலம், ஏற்றுமதிக் கம்பெனி எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பது இங்கேதான்.

வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த ஒருவர் எங்களை நிமிர்ந்து பார்த்தார். ஐம்பது வயது இருக்கும். ஊசியில் நூலைச் சுற்றி, இடதுகைக் கட்டைவிரலால் கண்ணியின் அளவைப் பிடித்து, ஒரு முடிச்சு. அளந்து பார்க்காமலே ஒவ்வொரு கண்ணியும் ஒரே அளவில் விழுந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி எந்தூரு?"

"மணவாளக்குறிச்சி."

"அப்படியா! கடியபட்டணத்துல எங்க சின்னம்ம வீடு. இங்க என்ன, மீனெடுக்க வந்தியளா?"

கப்பலில் வந்ததைச் சொன்னோம். எந்தக் கப்பல் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"கடல்ல நாலு நாள் கிடக்கதுக்குக் காசு குடுத்தா வந்திய? நாங்க மாசக்கணக்குல கிடக்கோம், எங்களுக்குல்லா காசு தரணும்!"

பக்கத்தில் இருந்த இளைஞனும் சேர்ந்து சிரித்தான். பிறகு பேச்சு மெல்ல வேறுபக்கம் திரும்பியது. ராத்திரியில் பெரிய கப்பல்கள் எப்படி வரும், படகில் காவல் இருப்பவன் கண்ணயர்ந்தால் என்ன ஆகும் என்றெல்லாம் சொன்னார். 2018 ஆகஸ்ட் 7 அதிகாலையில், இதே முனம்பத்திலிருந்து போன 'ஓஷியானிக்' என்ற படகின் மேல் கப்பல் ஒன்று மோதியது. படகில் இருந்தவர்களில் பெரும்பாலோர் எங்கள் மாவட்டத்து இராமன்துறைக்காரர்கள். அதற்கு முந்தைய ஆண்டு நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல். அதைப் பற்றி அவர் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தூத்தூர்ப் பக்கத்தில் ஒக்கியைப் பற்றிக் கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

முந்தின இரவு கப்பலின் மேல்தளத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது தூரத்தில் சின்னச் சின்ன விளக்குகள் தெரிந்தன. அழகாக இருக்கிறது என்று ஆளாளுக்குச் செல்போனில் படம் எடுத்தார்கள். அவற்றில் எத்தனை இவர்களுடைய படகோ.

"உங்களுக்குத் தேங்காய்ப்பட்டணத்துல துறைமுகம் கட்டித் தந்தாச்சே, ஏன் இன்னும் இவ்வளவு தூரம்?" என்று அத்தான் கேட்டார். "முகத்துவாரத்துல மணலு அடையுது அண்ணாச்சி. பெரிய அலையடிச்சா உள்ள வார படகு மறிஞ்சிரும். எத்தனை பேரு போயாச்சு" என்றார். காலையில் கப்பலில் நின்று அத்தான் சொன்ன அதே விஷயம். கொச்சியின் வாயில் அடையும் மணலை நூறாண்டுகளாக எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். எங்கள் பக்கத்து வாயில் ஆட்கள் இறந்த பிறகு எடுக்கிறார்கள்.

மணி ஒன்று. கையில் இருக்கும் நேரத்தில் பாதி தீர்ந்ததும் திரும்பிவிட வேண்டும் என்பது எங்கள் கணக்கு. துறைமுகத்துக்கு வெளியே ஒரு சின்னக் கடையில் மரச்சீனிக்கிழங்கும் குடம்புளி போட்ட மத்திக்கறியும் சாப்பிட்டோம். எங்கள் ஊரில் சாளை. தேங்காய் அரைக்காமல், மிளகாய்ச் சிவப்பில், கொஞ்சம் ஆறிப்போயிருந்தால்தான் ருசி கூடும் கறி. கப்பலில் அன்று மத்தியானத்துக்கு என்ன வைத்தார்கள் என்று இதுவரை நாங்கள் யாரையும் கேட்கவில்லை.

திரும்பும்போது எர்ணாகுளம் பஸ். கோஸ்ரீ பாலங்கள் மூன்று: வைப்பின், வல்லார்பாடம், போல்காட்டி தாண்டி நகரம். 2004-இல்தான் திறந்தார்கள். அதற்கு முன் பிரசவ வலி வந்தாலும் பரீட்சை என்றாலும் படகுதான். பாலம் கேட்டு வைப்பின்காரர்கள் பல பத்தாண்டுகள் போராடியிருக்கிறார்கள். பாலம் வந்ததும் எர்ணாகுளம்–வைப்பின் படகுகளில் ஆள் குறைந்தது. சாலையில் நெரிசல் முற்றியதும் படகு புது உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது. 2023 ஏப்ரல் 25-இல் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோவின் முதல் வழிகளில் ஒன்று உயர்நீதிமன்றம்–வைப்பின். மின்கலத்தில் ஓடும் படகு, குளிர்சாதனம், நூறு பேருக்கு இடம், தொடங்கியபோது குறைந்த கட்டணம் 20 ரூபாய். இதில் எனக்குப் பெரிதாகப் பட்டது துறையில் உள்ள மிதவை மேடை. ஏற்றத்திலும் இறக்கத்திலும் அது தண்ணீரோடு கூடவே ஏறி இறங்குவதால் மேடையும் படகின் தளமும் எப்போதும் ஒரே மட்டம். சக்கர நாற்காலியில் வந்த ஒருவர் யார் கையையும் பிடிக்காமல் உள்ளே போனார். வெறுமனே வேடிக்கைக்காக விடும் படகுக்கு யாரும் இவ்வளவு யோசித்துத் துறை கட்டமாட்டார்கள்.

உயர்நீதிமன்றச் சந்திப்பில் இறங்கி, எர்ணாகுளம் பிரதானப் படகுத்துறைக்கு நடந்து, வில்லிங்டன் தீவுக்குப் படகு பிடித்தோம். அத்தான் வடக்கே கை நீட்டி, "அங்கதான் ஏலூர்" என்றார். பெரியாற்றின் கிளைகளுக்கு நடுவே கிடக்கும் இன்னொரு தீவு அது. அங்கே உத்யோகமண்டலில் உள்ள அருமண் ஆலையை 1952 டிசம்பரில் நேரு திறந்து வைத்தார். எங்கள் கரையில் பிரித்தெடுத்த மோனசைட் அங்கே போய்த்தான் உடைந்து தோரியமும் அருமண்களும் ஆனது. வேலையில் இருந்த காலம் முழுவதும் அத்தான் மூட்டையில் பார்த்த பெயர் அது. அங்கேயும் போயிருக்கலாம், ஆனால் நேரம் முடிந்துவிட்டது. நாலரைக்குக் கப்பல் ஏணியில் கால் வைத்தோம். சுற்றுலா பஸ்கள் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தன.

இப்படிப் போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். எல்லாத் தீவும் வைப்பின் ஆகாது. மும்பையில் கப்பலுக்கு முன்போ பின்போ எலிஃபண்டா போக நினைத்தால், கேட்வேயிலிருந்து படகுக்கே ஒரு மணி நேரம் ஆகும், திங்கட்கிழமை குகைகள் மூடியிருக்கும், பாலம் கிடையாது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து போன உல்லாசக் கப்பல் காங்கேசன்துறையில் நின்றது. அப்படி ஒரு வாய்ப்பு கிடைத்து நயினாதீவு நாகபூசணி அம்மனைப் பார்க்க ஆசைப்பட்டால், யாழ்ப்பாணம் வந்து, வேலணை தாண்டி, புங்குடுதீவில் உள்ள குறிகட்டுவான் துறையில் படகு ஏற வேண்டும். படகில் ஏறிய பிறகு தூரம் கொஞ்சம்தான். துறைக்குப் போய்ச் சேருவதுதான் நேரம் பிடிக்கும். கப்பல் பகல் முழுக்க நின்றால் மட்டுமே அது சரிவரும். கப்பலின் கடிகாரமும் கரையின் கடிகாரமும் ஒன்றா என்று வெளிநாட்டுத் துறைகளில் இறங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். கடைசிப் படகை நம்பக்கூடாது. அதற்கு முந்தின படகுதான் நம்முடையது.

இன்னொன்று, படகைத் தேர்ந்தெடுக்கும் விஷயம். வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் ஏறும் படகு என்றால் அடிக்கடி ஓடும், நேரத்துக்கு ஓடும், காசும் கொஞ்சம். சுற்றுலாக்காரர்களுக்கென்றே விடுகிற படகு ஆள் சேரும்வரை நிற்கும், காற்று கொஞ்சம் வீசினாலும் நின்றுவிடும். குமரி மாவட்டத்தில் எங்களிடம் இருப்பது இந்த இரண்டாவது வகைதான். விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகில் வரிசை எவ்வளவு நீளமானாலும், அதில் யாரும் வேலைக்குப் போவதில்லை.

அப்படி ஆகியிருக்க வேண்டியதில்லை. 1860-இல் திருவிதாங்கூர் அரசு அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயை வெட்டத் தொடங்கியபோது, திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை தண்ணீரிலேயே வந்து சேர வேண்டும் என்பதுதான் திட்டம். பூவாற்றிலிருந்து தேங்காய்ப்பட்டணம், குளச்சல் வழியாக மண்டைக்காடு வரை வந்து வேலை நின்றுபோனது. மண்டைக்காட்டுக்கு அடுத்து நாங்கள்தான். இன்று அந்தக் கால்வாய் பல இடங்களில் தூர்ந்து, ஆக்கிரமிப்பில் சுருங்கி, சாக்கடையாகிக் கிடக்கிறது. 2016-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பூவாறு–இரையுமன்துறைப் பகுதியைத் தேசிய நீர்வழி எண் 13 என்று பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் இருப்பதால் மட்டும் படகு ஓடாது. கால்வாயைத் தூர்வாரி அழகுபடுத்திச் சுற்றுலாப் படகு விடுவது பற்றி அவ்வப்போது பேச்சு அடிபடுகிறது. வைப்பினைப் பார்த்துவிட்டு வந்தவன் என்ற முறையில் நான் சொல்வது வேறு. முதலில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மீன்கூடை சுமக்கும் பெண்களுக்கும் காலையில் இரண்டு நடை, மாலையில் இரண்டு நடை ஒரு படகு விடுங்கள். சுற்றுலாக்காரர்கள் தாமாக வந்து அதில் ஏறிக்கொள்வார்கள்.